இடப்பக்கம் வெட்டிய காடி

எங்கள் கம்பெனியின் துப்பாக்கி என் தோசைக்கல்லில் இருந்து பிறந்தது என்று ஊரே நம்புகிறது. வலது கையில் தோசைத் திருப்பி இருக்கிறது, இடது கை சும்மா இருக்கிறது; அந்தச் சும்மா இருக்கும் கைக்கு ஏன் ஒரு வேலை கொடுக்கக் கூடாது என்று உமாதேவி மேடத்துக்கு, அதாவது எனக்கு, ஒருநாள் காலை தோன்றியதாம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஏதோ ஒரு மகளிர் தின விழாவில் மைக்கைப் பிடித்த ஒருவர் சொன்னார், நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பெண் துப்பாக்கி வரைந்தால் அது அடுப்படி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை. எனக்குத் தோசை சரியாக வராது. எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரர்தான் சுடுவார்.

கம்பெனி நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் இருக்கிறது. மைசூர் விஜயநகரில் இருந்து கம்பெனி பஸ்ஸில் இருபது வருஷமாகப் போய் வருகிறேன். டிராயிங் பிரிவில் கடைசி நாற்காலியில் சேர்ந்து, இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவி. முழுத் துப்பாக்கியையும் நாங்கள் செய்வதில்லை. ராணுவத்துக்குப் போகும் ஒரு ரைஃபிளின் ரிசீவரை மட்டும் செய்கிறோம்; அதாவது குழல், கட்டை, விசை எல்லாம் வந்து மாட்டுகிற நடு உடம்பு. பட்டறையில் அதற்குப் பெயர் 'பதினேழு'. கம்பெனியின் பதினேழாவது வேலை, அதனால் பதினேழு. அதில் கவிதை ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் கம்பெனிக்கு வெள்ளி விழா. விளம்பரத்தைக் கவனிக்கும் தீபக், முன் ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் 'பதினேழு பிறந்த கதை' வைக்கப் போவதாக என் மேஜைக்கு வந்தார். மைசூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், இரண்டும் வாயில் சேர்ந்தே வரும்.

"மேடம், முதல்ல வெட்டின பீஸ் இன்னும் ஸ்டோர்ல இருக்கு. லெஃப்ட் சைடுல காடி இருக்கே, அது. அதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கிறோம். மேல உங்க போட்டோ, கீழ தோசைக் கதை. அஷ்டே மேடம், அவ்வளவுதான், சிம்பிளா."

"வைங்க."

"அதுல நாற்பத்தொண்ணுன்னு பஞ்ச் அடிச்சிருக்கு. பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். செந்தில்நாதன்னு ஒருத்தர். கொள்ளேகால் பக்கம் மார்டள்ளிக்காரர். நம்பர் தேடிப் பிடிச்சுப் பேசியும் ஆச்சு."

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஓர் எண் உண்டு. தான் முடித்த பீஸில் அவரே அந்த எண்ணைப் பஞ்சால் அடித்துவிட வேண்டும். இது என் கை வேலை, நல்லதோ கெட்டதோ என் பொறுப்பு என்று அர்த்தம். நாற்பத்தொன்று யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரிஜிஸ்டர் தேவையில்லை.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"வர மாட்டேங்குறார் மேடம். அது நான் தப்பா வெட்டின பீஸ், அதைப் போய் நாலு பேர் பாக்குற இடத்துல வைக்காதீங்க, என் நம்பர் இருக்குன்னு கெஞ்சுறார். பாவம், மனுஷர். நீங்க மேடத்தைக் கேளுங்கன்னு உங்க போன் நம்பரும் வீட்டு அட்ரஸும் குடுத்துட்டேன்."

அவர் போன பிறகு மேஜையில் இருந்த மூன்று டிராயிங்குகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மூன்றிலும் தப்பு இல்லை. எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

நடந்தது இதுதான். வருஷம் 2010. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியும் நிரந்தரம் ஆகவில்லை. வெளிநாட்டு மாதிரி ஒன்றின் டிராயிங்குகளைக் கொடுத்து, அதை வைத்து நம் ரிசீவரை வரையச் சொன்னார்கள். துப்பாக்கியின் பக்கவாட்டில், குண்டை உள்ளே ஏற்றுவதற்காகப் பின்னால் இழுத்து விடும் கைப்பிடி ஒன்று இருக்கும். அது முன்னும் பின்னும் ஓடுவதற்கான நீளமான வெட்டைத்தான் காடி என்கிறோம். அந்த மாதிரியில் காடி வலப்பக்கம்.

ஒரு பொருளைத் தாளில் வரைய உலகத்தில் இரண்டு வழக்கம் உண்டு. நம் வழக்கத்தில் பொருளின் இடப்பக்கத் தோற்றத்தை முகப்புப் படத்துக்கு வலப்புறம் வரைவோம். வேறு சில நாடுகளில் வலப்பக்கத் தோற்றமே வலப்புறம் வரும். எந்த வழக்கம் என்று சொல்வதற்காகத் தாளின் மூலையில் தலை வெட்டிய கூம்பு ஒன்றைச் சின்னமாகப் போட்டிருப்பார்கள். எனக்கு வந்தது ஜெராக்ஸ். பெரிய தாளைச் சின்னத் தாளில் எடுத்ததில் மூலை விழுந்துவிட்டது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் 'இதுகூடத் தெரியாமலா வந்தாய்' என்பார்கள். டிராயிங் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். கேட்காமல் நம் வழக்கம் என்றே வைத்துக்கொண்டு வரைந்தேன். காடி இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவருக்கும் தெரியவில்லை. சரிபார்க்க வேண்டியவர் முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிரிண்ட் காலையில் செந்தில்நாதண்ணனின் எஃகு வெட்டும் மில்லிங் மெஷினுக்குப் போனது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி, ஆனால் பட்டறையில் அவர் கைக்கு நிகர் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்குப் பெங்களூரில் இருந்து முழு அளவுப் பிரதி வந்தது. மூலையைப் பார்த்தேன். கூம்பு திரும்பி உட்கார்ந்திருந்தது. வேறு நாட்டு வழக்கம். காடியை நான் தப்பான பக்கம் போட்டிருந்தேன்.

டிராயிங்கில் ஒரு கோடு மாறினாலும் மூலையில் இருக்கும் எழுத்து மாற வேண்டும் என்பது விதி. 'ஏ' போய் 'பி' வரும். என்ன மாறியது, ஏன் மாறியது, யார் மாற்றியது என்று சீட்டு எழுத வேண்டும். பழைய பிரிண்டை மெஷினில் இருந்து வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் புதியதைக் கொடுக்க வேண்டும். நான் இந்த விதியில் கடைசிப் பாதியை மட்டும் கடைப்பிடித்தேன். காடியை வலப்பக்கம் மாற்றி, அதே 'ஏ', அதே தேதி, அதே கையெழுத்துகளோடு பிரிண்ட் எடுத்தேன். டீ நேரத்தில் பட்டறை காலியாக இருந்தது. அவர் மெஷின் கிளிப்பில் இருந்த தாளை உருவிப் புதியதைச் செருகினேன். பழையதைக் கழிவறையில் கிழித்துத் தண்ணீர் விட்டேன். அவர் இன்னும் காடிக்கு வந்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் அதற்கு முன்பே வெட்டி முடித்து, எண்ணைப் பஞ்ச் அடித்து, பீஸைத் துணியால் மூடி வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போயிருந்தார்.

அந்த ரிசீவருக்கான எஃகுக் கட்டிகள் மொத்தமே மூன்று வந்திருந்தன. ஒன்று பாழ். ராணுவத்துக்காரர்கள் சோதனைக்குக் குறித்த தேதி தள்ளிப்போனது. அப்போது மேனேஜராக இருந்த கிருஷ்ணராஜ் பட்டறைக்கு இறங்கி வந்தார். டிராயிங்கில் இடப்பக்கம்தான் இருந்தது சார் என்று செந்தில்நாதண்ணன் சொன்னார். கிருஷ்ணராஜ் கிளிப்பில் இருந்த தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். கிருஷ்ணராஜ் என் பக்கம் திரும்பி, டிராயிங் மாறியதா என்று கன்னடத்தில் கேட்டார். 'இல்லை சார்' என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. மறுநாளில் இருந்து செந்தில்நாதண்ணன் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து ராணுவச் சோதனைக் குழு வந்தது. அதில் ஓர் அதிகாரி, கழிவு அலமாரியில் கிடந்த அந்தப் பீஸைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். வலது கை பிடியிலேயே இருக்க, இடது கையால் கைப்பிடியை இழுப்பது போலச் செய்து பார்த்தார். இதுதான் சரி, விசையில் இருந்து விரலை எடுக்கவே வேண்டாம் என்றார். யாருடைய யோசனை என்று கேட்டார். தப்பாக வெட்டியது என்று சொல்லக் கிருஷ்ணராஜுக்கு மனம் வரவில்லை. எங்கள் டிராயிங் பிரிவின் மாற்று யோசனை சார் என்று என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன். முதலில் ஓர் 'இல்லை', பிறகு ஒரு தலையாட்டல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு ரிசீவரிலும் காடி இடப்பக்கம்தான்.

தீபக் வந்துபோன மறுநாள், இப்போது டைரக்டராக இருக்கும் கிருஷ்ணராஜின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிட்டயர் ஆகிற வயதில் இருவருக்கும் இது எதற்கு, துப்பாக்கி நன்றாகச் சுடுகிறது, ராணுவத்துக்குக் குறை இல்லை, சுவருக்கான பலகைகூட அச்சுக்குப் போய்விட்டது என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். காபி வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. என் வீட்டுக்காரர் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தால் செந்தில்நாதண்ணன். தலை முழுக்க நரைத்து, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். கூட அவர் மனைவி, கையில் ஒரு பை. விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, கொள்ளேகாலில் மாறி வந்திருக்கிறார்கள்.

"என்ற சம்சாரமுங்க, பழனாத்தாள்," என்றார். "நல்லா இருக்கீங்களா மேடம்? தொந்தரவு பண்ணிப்போட்டனுங்களா?"

உட்காரச் சொன்னேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பழனாத்தாள் பையில் இருந்து மக்காச்சோளக் கதிர்களை எடுத்து மேஜையில் வைத்தார். காட்டில் விளைந்ததாம்.

"அந்தத் தம்பி போன் பண்ணுச்சுங்க," என்று அவர் தொடங்கினார். "அந்தப் பீஸைக் கண்ணாடிப் பெட்டியில வெக்கறாங்களாம். உங்க யோசனைன்னு பேரு போட்டு. சந்தோசமுங்க. ஆனா அதுல என்ற நம்பர் இருக்குதுங்க. பட்டறையில பழைய ஆளுங்க இருப்பாங்க. நாப்பத்தொண்ணு தப்பா வெட்டுனதுன்னு பாத்தொடனே தெரிஞ்சுபோயிருமுங்க."

"அண்ணா, நீங்க தப்பா வெட்டல."

அவர் சிரித்தார். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு.

நான் சொன்னேன். பதினைந்து வருஷமாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஆனால் வாயில் இருந்து வந்தபோது ஆபீஸ் ரிப்போர்ட் வாசிப்பது போலத்தான் வந்தது. ஜெராக்ஸ், மூலை, கூம்பு, டீ நேரம், கிளிப், கழிவறை. மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இரண்டு வழக்கத்தையும் வரைந்தே காட்டினேன். குரல் ஓர் இடத்திலும் உடையவில்லை. உடைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழனாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செந்தில்நாதண்ணன் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கீழே வைத்தார்.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க மேடம்," என்றார். "அப்படி இருக்காதுங்க. அந்தத் தாளை நான் என்ற கண்ணால பாத்தேனுங்க. அதே 'ஏ'. அதே தேதி. மாத்துன தாளா இருந்தா 'பி'ன்னு வந்திருக்கோணுமில்லீங்க? எழுத்து மாத்தாம ஒரு பிரிண்டு பட்டறைக்கு எறங்குமுங்களா? நம்ம கம்பெனியில அது நடக்காதுங்க. நீங்க அந்த மாதிரி செய்யற ஆளும் இல்லீங்க."

"செஞ்சேன் அண்ணா. அதைத்தான் சொல்றேன்."

"எனக்கு ஒரு வேலை போனதுக்காக நீங்க உங்க மேல பழி போட்டுக்க வேண்டாமுங்க."

எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. "அண்ணா, நீங்க காலையில இருந்து பிடிச்சிருந்த தாள்னா அதுல உங்க கை எண்ணெய் இருந்திருக்கணும். கிருஷ்ணராஜ் சார் தூக்கிக் காட்டின தாள் எப்படி இருந்துச்சு? யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். கண்களை மூடிக்கொண்டு யோசித்தார். வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"சுத்தமாத்தான் இருந்துச்சுங்க," என்றார் கடைசியில். பிறகு தலையை ஆட்டினார். "அன்னிக்குக் கையத் தொடச்சுப்போட்டு எடுத்திருப்பேனுங்க."

"நீங்க என்னிக்கு கையத் தொடச்சீங்க?" என்றார் பழனாத்தாள். அவர் பேசியது அதுதான் முதல் தடவை. என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, கொள்ளேகால் லேத்துப் பட்டறைக்காரரு மூணு தடவை ஊட்டுக்கே வந்து கூப்புட்டாரு. போகலீங்க. என்ற கண்ணு எடது வலதை மாத்திக் காட்டுது, நான் மெசினைத் தொட்டா அடுத்தவனுக்கு நட்டம்னு சொல்லிப்போட்டாரு. ரெண்டு ஆசுபத்திரியில காட்டிப்போட்டோம். கண்ணுல ஒண்ணுமில்லைங்கறாங்க. இருந்தாலும் கண்ணாடியை மாத்தி மாத்திப் போடறாரு. தண்ணிக் கொழாயைத் திருப்பறதுக்குக்கூட என்னையக் கேக்கறாரு, எந்தப் பக்கமுன்னு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நீங்க வந்து சொல்லியிருக்கலாமுல்ல?"

"பழனா," என்றார் அவர். "மேடத்துக்கிட்ட அப்படிப் பேசாத."

"அவரு நம்ப மாட்டாருங்க," என்றார் பழனாத்தாள் என்னிடம். குரலை உயர்த்தவே இல்லை. "அன்னிக்கு நீங்க அவ்வளவு சுத்தமாச் செஞ்சிருக்கீங்க."

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்ததும் எனக்கு உள்ளே எங்கேயோ நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட ஒரே உணர்ச்சி அதுதான். அதற்காக என்னை நானே வெறுக்கக்கூட அப்போது தெம்பு இல்லை.

"அந்த நம்பரை மட்டும் எடுத்துப்போடச் சொல்லுங்க மேடம்," என்றார் செந்தில்நாதண்ணன். "பீஸு இருக்கட்டும். நீங்க யோசிச்சது நல்ல யோசனை. நாளைக்கு எவனோ ஒரு சிப்பாயி உசிரு பொழைப்பான். அதுக்கு நடுவுல என்ற தப்பு எதுக்குங்க?"

"சரிண்ணா," என்றேன்.

அவர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். "பெரிய ஒதவிங்க மேடம். போன் வந்ததுல இருந்து ராத்திரித் தூக்கமே இல்லீங்க." பழனாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னாலேயே வாசலைத் தாண்டிப் போய்விட்டார். படியில் இறங்கும்போது அண்ணன் அந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். தெருமுனையில் நின்று எதையோ கேட்டார். அந்த அம்மாள் கையை நீட்டி வழியைக் காட்டினார்.

திங்கட்கிழமை தீபக்கைக் கூப்பிட்டு, அந்த எண்ணை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஆபரேட்டர் விரும்பவில்லை என்றேன். அரை மணி நேரத்தில் அரைத்து, பாலிஷ் போட்டு, எண்ணெய் தடவிக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார்கள். அங்கே ஓர் எண் இருந்தது என்று சொன்னால்கூட இனி யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. வேலை சரியாக முடிந்தது என்பதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினார்கள். வாங்கிப் போட்டேன்.